ஆளில்லாத் தேரியில் ஒரு வீடு

தூத்துக்குடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சொத்து விஷயமா வந்திருக்கியளாக்கா?" என்பது.

இல்லை என்று தலையை ஆட்டினேன். என் பையில் தொங்கிய விமானச் சீட்டைப் பார்த்து நான் எங்கிருந்து வருகிறேன் என்று கண்டுபிடித்திருந்தார். "மலேசியாவுலருந்து பொம்பளையாளு ஒத்தையில வந்தா சொத்துதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். விடுதி வரும்வரை அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நான் வழியைப் பார்த்தேன்.

நான் கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறேன். என் படிப்பு படிவம் மூன்றோடு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்ட நான் தனியாகக் கடல் தாண்டி வந்ததற்குக் காரணம் மகள் தேவியின் கல்யாணம். ஆவணியில் முகூர்த்தம். முதல் பத்திரிகையைக் குலசாமி முன்னால் வைத்துப் பொங்கலிட்ட பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதையும் பெண்ணைப் பெற்றவள் கையால் செய்ய வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

என் கணவர் வீட்டுக் குலசாமி எதுவென்று யாருக்கும் தெரியாததால், நான் பிறந்த வீட்டுச் சாஸ்தாதான் எங்களுக்குக் குலசாமி. குலசேகரன்பட்டினத்திலிருந்து உள்ளே தள்ளி, செம்மணல் மேடுகள் நிறைந்த தேரியில் இருக்கிறார். அவரைச் சுற்றி என் பெரியப்பா மகன் சண்முகம் அண்ணனின் முந்திரித் தோட்டம். கோயில் சாவி அண்ணனிடம்தான். அவர் கதவைத் திறக்காவிட்டால் பத்திரிகை இல்லை.

புறப்படும்போது மகன் குமரன் இன்னொரு வேலை கொடுத்தான். அவன் கணினி விளையாட்டு செய்யும் ஒரு நிறுவனத்தில் படம் வரைகிறான், கதையும் எழுதுகிறான். இப்போது அவன் எழுதுவது இல்லாத ஓர் உலகத்தின் சரித்திரம். அந்த நாடுகளுக்கெல்லாம் என் வாயில் நுழையாத பெயர்கள். நான் உப்பு ராஜ்யம், நெல் ராஜ்யம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன். கடலோரத்தில் உப்பு ராஜ்யம். ஆற்றங்கரையில் நெல் ராஜ்யம். நடுவில் சிவப்பு மணல். உப்பு மேலே போகவும் நெல் கீழே வரவும் அந்த மணலைத் தாண்டியாக வேண்டும். அதனால் இரண்டு ராஜாக்களும் அங்கே எல்லைக்கல் நட்டார்கள். காற்றடித்தால் மணல் நகரும், கல் புதைந்துபோகும். கல் எங்கே இருந்தது என்று ஆண்டுதோறும் சண்டை. கடைசியில் இரண்டு ராஜாக்களும் அலுத்துப்போய் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: இந்த மணல் யாருக்கும் வேண்டாம், இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. கிணறுகளை மூடினார்கள். சனங்களை விரட்டினார்கள். அன்றிலிருந்து அது பாழ்வெளி. மணலுக்கு மேலே தலை மட்டும் தெரிகிற ஒரு காவல் சிலைதான் மிச்சம்.

"நீங்க சொல்லுவீங்களே, தாத்தா ஊர் மணல் நடக்கும்னு. அதுலேருந்துதான் எழுதினேன்," என்றான். மணலின் சரியான நிறம் தெரிய வேண்டும். ஒரு சின்னப் போத்தலில் கொண்டு வரச் சொன்னான். சரி என்றேன். மண்தானே என்று நினைத்தேன்.

முதல் நாள் மாலை பழைய துறைமுகம் பக்கம் நடந்தேன். பெட்டி பெட்டியாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு லாரிகள் நின்றன. கிள்ளான் துறைமுகத்திலும் இதே பெட்டிகள், இதே தூசு. காற்றில்தான் வித்தியாசம், இங்கே உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பொரித்த பரோட்டா. எங்கள் ஊர் ரொட்டி சானாய் கையில் துவளும்; இதை எண்ணெயில் முக்கி எடுத்து நொறுக்கி, மேலே சால்னாவைக் கொட்டுகிறார்கள். எண்ணெய் புதிதா பழையதா என்று எட்டிப் பார்த்தேன். பரிமாறியவர் கவனித்துவிட்டார். "யக்கா, சட்டிக்குள்ள விழுந்துராதீய," என்றார். வெட்கத்தில் இன்னும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பேருந்து. ஊர் முடிந்ததும் இருபுறமும் உப்பளம். குவித்த உப்பைப் பனையோலையால் மூடி வைத்திருந்தார்கள். வரிசையாகப் படுத்திருக்கும் ஆட்கள்மேல் பாய் போர்த்தியது போல இருந்தது. முக்காணிப் பாலத்துக்கு முன்னால் பேருந்து இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. நடத்துநர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். ஏதாவது ஏமாற்று வேலையா என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றேன்.

பக்கத்தில் காலி மீன்கூடையோடு ஒரு பெண்மணி. புன்னைக்காயலாம். கழுத்தில் சிலுவை.

"பைய அப்பிடி இறுக்கிப் பிடிக்காதீய," என்றார். "இறுக்கிப் பிடிச்சாத்தான் உள்ள என்னமோ இருக்குன்னு எவனுக்கும் தெரியும்."

கையைத் தளர்த்தினேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்கள் ஊரில் இன்னும் முத்துக் குளிக்கிறார்களா என்று கேட்டேன்.

"சேசுவே! வாரவிய எல்லாம் முத்தைத்தான் கேக்காவ. அதெல்லாம் எங்க பாட்டன் காலம். இப்ப சங்கெடுக்கப் போறவியதான் உண்டு. நானே முத்தைப் படத்துலதான் பாத்திருக்கேன்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், வாங்குத ஆளா நீங்க?"

இல்லை, தேரிக்குப் போகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. "தேரிக்கா? வாசல்ல நின்னு குரல் குடுத்துட்டுப் போங்க. குரல் குடுக்காம உள்ள போனா நாய விட்டுருவாவ. அவியளைச் சொல்லியும் குத்தமில்ல," என்றார். ஏன் என்று கேட்பதற்குள் வேறு பேருந்து வந்துவிட்டது.

குலசேகரன்பட்டினத்திலிருந்து ஆட்டோ. வீடுகள் குறைந்தன, பனைகள் கூடின, பிறகு மண் சிவந்தது. கிள்ளான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண்ணும் சிவப்புதான். ஆனால் அது மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். இது மிளகாய்த்தூள் மாதிரி காற்றோடு எழுந்து முகத்தில் அடித்தது. ஆனி மாதத்து மேல்காற்று. சாலையின் பாதியை மணல் மூடியிருந்தது. ஒரு பக்கம் நீளமாகப் புதுக் கம்பிவேலி. உள்ளே ஒரு மரமும் இல்லை.

அண்ணன் வீடு தேரியின் ஓரத்தில், முள்வேலிக்குள். படலுக்கு வெளியே நின்று, "அண்ணே," என்றேன். என் குரல் காற்றைத் தாண்டவில்லை. நாய்தான் முதலில் கேட்டது. அதன் பின்னால் அண்ணன் வந்தார். மெலிந்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து.

"யாரு?"

"பாக்கியம். கிள்ளான் சித்தப்பா மக."

"ஒத்தையிலயா வந்த?"

"ஆமாண்ணே."

"ஏன்?"

அதற்குப் பிறகுதான், "சரி, வா," என்றார். பத்திரிகை வைக்க வருகிறேன் என்று தொலைபேசியில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "பங்குனி உத்திரத்துக்குத்தான எல்லாரும் சாஸ்தாவுக்கு வருவாவ. ஆனியில என்னத்துக்கு?" என்று திரும்பவும் கேட்டார். கல்யாணம் ஆவணியில் என்றேன். "பத்திரிகையத் தபால்ல அனுப்பியிருந்தா நான் வைக்க மாட்டனா?" என்றார். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை நான் விளக்கியிருக்க வேண்டும். தரையைப் பார்த்தேன். அவர் மனைவி ராஜகனி மைனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சீலா மீன் குழம்பு, பிறகு கருப்பட்டிக் காப்பி. ஆனால் மைனி ஒவ்வொரு துண்டு மீனோடும் ஒரு கேள்வி வைத்தார். "வீட்டுக்காரர் ஏன் வரல?" ஒரு துண்டு. "சித்தப்பா சாவும்போது இந்த எடத்தைப் பத்தி ஏதும் சொன்னாவளா?" இன்னொரு துண்டு. "பெரிய பையா இருக்கே, உள்ள என்ன?" அதற்கு நடுத்துண்டு. நான் மென்றுகொண்டே தலையை ஆட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை.

மாலையில் அடுக்களைப் பக்கம் போனபோது மைனி யாரிடமோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். "வந்திருக்கா. போன்ல இந்த எடத்துப் படமெல்லாம் வச்சிருக்கா, நான் பாத்தேன். எதுக்கு வந்தான்னு வாயத் தொறக்க மாட்டுக்கா. பங்கு கேக்கத்தான் வந்திருப்பா."

என் அப்பாவுக்கு இந்தத் தோட்டத்தில் பங்கு இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே உள்ளே போய், எனக்கு ஒன்றும் வேண்டாம் மைனி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சத்தம் போடாமல் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தேன். என்னைப் போன்ற கூச்சக்காரர்களும் திருடர்களும் ஒரே மாதிரிதான் நடப்போம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, கோயிலை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். "பாப்போம்," என்றார் அண்ணன். அது எங்கள் ஊரிலும் முடியாது என்பதற்கான சொல். சரி, மகன் கேட்டதையாவது முடிப்போம் என்று போத்தலை எடுத்துக்கொண்டு தேரி மேட்டில் ஏறினேன். ஒரு கால் வைத்தால் பாதிக் கால் கீழே இறங்கியது. உச்சியில் நின்றால் கிழக்கே ஒரு கீற்றாகக் கடல். சுற்றிலும் சிவப்பு. காற்று மணலைச் சன்னமாக வாரிக்கொண்டு போய் அடுத்த மேட்டில் போட்டது. குமரன் எழுதிய இடம் இதுதான் என்று உடம்பு சிலிர்த்தது. குனிந்து போத்தலை நிரப்பினேன்.

"ஏளா! அத கீழ போடு!"

மைனி எனக்குப் பின்னாலேயே ஏறி வந்திருக்கிறார். கத்தல் கேட்டு அண்ணனும் ஓடி வந்தார். போத்தலை என் கையிலிருந்து பிடுங்கி மணலை உதறினார்.

"யாரு அனுப்பினா உன்ன? எந்தக் கம்பெனி?"

எனக்கு அழுகை வந்தது. மைனிதான் பேசினார். முன்பு சில பேர் காரில் வந்தார்களாம். இதேபோலக் குனிந்து, இதேபோலப் புட்டியில் மணலை அள்ளினார்களாம். படிப்புக்கு என்று சொல்லி, இவர் கையால் காப்பியும் குடித்துவிட்டுப் போனார்களாம். "பொறவு பாத்தா அடுத்த தோட்டத்துல வேலி. கேட்டா, அது தரிசுங்கான். முந்திரி நின்னுச்சு, பனை நின்னுச்சு, மோட்டார் ஓடிச்சு. தாள்ல மட்டும் தரிசு. எவனோ ஒருத்தன் ஆளில்லன்னு எழுதிட்டான், அம்புட்டுதான். இருந்த ஆளு இல்லாமப் போயிட்டு."

"சாமி மண்ண ஒருத்தர் கேட்டு, இன்னொருத்தர் கையால குடுக்கணும்," என்றார் அண்ணன். "கேக்காம அள்ளுதவன் ஒண்ணு சாமியத் திருட வந்திருக்கணும், இல்ல நெலத்தை. இனி கோயில் தொறக்காது. நீ பெறப்படு."

தேவியின் முகம் கண்முன் வந்தது. எனக்குச் சொல்லத் தெரியாததை மகன் சொல்லட்டும் என்று கைப்பேசியில் படத்தோடு அவனைக் கூப்பிட்டேன். அலுவலகத்தில் இருந்தான். "மாமா, அது வெறும் விளையாட்டு," என்று சிரித்தான்.

"வெளையாட்டுக்கு எவன்லே மண்ணெடுப்பான்?"

குமரன் பயந்துபோய், தான் வரைந்து எனக்கு முன்பே அனுப்பியிருந்த வரைபடத்தைக் காட்டச் சொன்னான். அதைத்தான் மைனி முன்பே பார்த்திருந்தார். இப்போது அண்ணனும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். கிழக்கே கடல், வடக்கே ஆறு, நடுவில் சிவப்பு. "இது நம்ம தேரில்லா!" வானத்திலிருந்து எடுத்த படத்தின்மேல் வைத்து வரைந்ததாகக் குமரன் ஒத்துக்கொண்டான். உப்பு ராஜாவையும் நெல் ராஜாவையும் பற்றிச் சொன்னான். இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். கிணறுகளை மூடிய இடம் வந்ததும் மைனி குறுக்கிட்டார்.

"மருமவனே, அது நடக்காது. தேரிக்குள்ள ஒரு எடத்துல ஊத்த மூடினா இன்னொரு எடத்துல வரும். உன் ராஜாவுக்கு அது தெரியாதா?"

"தெரியாது அத்தை."

"தண்ணி இருந்தா ஆளு இருக்கும்லா? பொறவு எப்பிடி ஆளில்லாத எடம்னு போட்டிருக்க?"

"அது கற்பனை நாடு, அத்தை."

"நாடு கற்பனை. படம் எங்க எடத்துது. நாளைக்கு எவனாவது இந்தப் படத்தைக் காட்டி, பாருங்க, பாழ்னு போட்டிருக்குன்னு சொல்லுவான்," என்றார் மைனி. அண்ணன் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "பாழ்ங்கிற வார்த்தைய எடு. ஒரு வீடு போடு. வீட்டுல ஆளு இருக்கணும்."

"மாமா, யாருமே இல்லைங்கிறதுதான் கதையே. மேலதிகாரி ஒத்துக்கிட்டுப் போன கதை."

"அப்ப கோயிலும் தொறக்காது."

அழைப்பு முடிந்தது. என் மகளின் கல்யாணம், உலகத்திலேயே இல்லாத ஒரு நாட்டின் சரித்திரத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதை யாரிடம் போய்ச் சொல்வது? இருந்தாலும் மதியம் எனக்கு இலை போட்டார்கள். பிறகு நான் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன். மைனி வாசலில் நின்று, என்னென்ன வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் குமரனிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே சிவப்பு மணல், அதே காவல் சிலை. பக்கத்தில் ஓர் ஓலை வீடு, கூரைக்கு மேலே அடுப்புப் புகை, ஓர் ஊற்று. படலருகே கம்போடு ஒரு பெண். கீழே சரித்திரத்தை மாற்றி எழுதியிருந்தான். அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார் அண்ணன். வாசித்தேன்: "இரண்டு ராஜாக்களும் விரட்டியபோது எல்லோரும் போனார்கள். ஒரு குடும்பம் மட்டும் போகவில்லை. அன்று முதல் இந்த எல்லைக்கு வருகிற யாராக இருந்தாலும், முதலில் அவர்களுடைய வாசலில் நின்று, யார், எதற்கு வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்கிறவனுக்கு வழி கிடைக்காது."

மேலதிகாரிக்குப் பழைய கதையைவிட இது பிடித்துவிட்டதாம்.

மைனி படத்தை உற்றுப் பார்த்தார். "கம்பு வேண்டாம். கையில அருவாளக் குடுக்கச் சொல்லு."

அண்ணன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். ஆனால் கோயில் கதவைத் திறக்காமல் வாசலில் நின்றுகொண்டார். சூடத்தை ஏற்றித் தரையில் வைத்தார். "பங்கு கேக்க வரலன்னு சாஸ்தா முன்னால சொல்லு. சொல்லி, சூடத்த அணை."

"எனக்குப் பங்கு வேணாம்ண்ணே."

"மெதுவாச் சொல்லுதவதான் பொறவு கேக்கா. சத்தமாச் சொல்லு."

கோபம் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. "எங்கப்பா பங்கு எனக்கு வேணாம், என் பிள்ளைங்களுக்கும் வேணாம்! மகளுக்குப் பத்திரிகை வைக்க வந்தேன். வேற எதுக்கும் வரலை!" என்று கத்தி, உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன். கை சுட்டது. நாய் எழுந்து நின்று என்னைப் பார்த்தது.

"இந்தத் தொண்டைய மொத நாளே தொறந்திருந்தா என்னவாம்?" என்றார் மைனி.

அண்ணன் கோயிலைத் திறந்தார். காற்றுக்கு அடுப்புத் தீ நிற்கவில்லை. மைனியும் நானும் சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து பொங்கல் வைத்தோம். பத்திரிகையைச் சாஸ்தாவின் காலடியில் வைத்தேன். அது பறக்காமலிருக்க அண்ணன் ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தார். முதலில் பத்திரிகையைக் கையில் எடுத்து, மகளின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

மதியம் ஆட்டோ வந்தது. படலருகே அண்ணன் ஒரு வாளித் தண்ணீரும் செம்புமாக நின்றார். "காலை நீட்டு," என்று என் கால்களில் தண்ணீர் ஊற்றினார். வயதில் மூத்தவர் இப்படிச் செய்கிறாரே என்று கூசிப்போனேன். பிறகு கவனித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; விரலிடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் செருப்புகளையும் எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். சிவப்புத் தண்ணீர் வழிந்து தேரிக்குள்ளேயே இறங்கியது.

"பூராவும் போயிட்டா?" என்று மைனி உள்ளிருந்து கேட்டார்.

"போயிட்டு," என்றார் அண்ணன்.

கோபப்படலாமா என்று யோசித்தேன். காலையில் கத்தியதிலேயே கோபமெல்லாம் தீர்ந்திருந்தது. "ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வரணும்ண்ணே," என்றேன். தொண்டை திறந்தே இருந்தது, சத்தமாகவே வந்தது.

அவர் கம்பிவேலி போட்ட பக்கம் பார்த்தார்.

"மைனி வாரா. நான் இங்கன இருக்கேன்," என்றார். "வீடு பூட்டிக் கெடந்தா ஆளில்லன்னு எழுதிருவானுவ."